பார்க்காத பொருளும் பறிபோன பணமும்

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் என்ன செய்கிறார்? தியாகதுருகம், சின்னசேலம் பக்கத்துச் சந்தைகளுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார். நாலு எட்டு நடக்க விட்டுப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார் (சுழியில் நன்மை தீமை இருக்கிறது என்பது மார்க்கத்தில் இல்லாத நம்பிக்கை, அதைப் பிறகொரு முறை பேசுவோம்). கறவை மாடென்றால் மடியைத் தொட்டுப் பார்த்துக் கறந்து காட்டச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் தரகர் துண்டைப் போட்டு, அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். விலை மறைவில் இருந்தாலும் மாடு வெளிச்சத்தில் நிற்கிறது.

அதே மனிதர், அல்லது அவருடைய வீட்டார், கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, முகமறியாத ஒருவனுக்கு ஆயிரக்கணக்கில் பணத்தை அனுப்பி விடுகிறார்கள். இங்கே விலை வெளிச்சத்தில் நிற்கிறது. பொருள்தான் மறைவில் இருக்கிறது.

இணைய ஏலம் என்பது 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே என்னும் தளத்தால் உலகெங்கும் பரவிய முறை. அங்கே முதன்முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் விளக்கு. விலை 14 டாலர் 83 சென்ட். அது உடைந்தது என்று தெரியுமா எனத் தளத்தை நிறுவியவரே வாங்கியவரிடம் கேட்டாராம். தெரியும், பழுதான லேசர் விளக்குகளைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாம். குறையைச் சொல்லி விற்றதும், குறையை அறிந்து வாங்கியதும் அங்கே நடந்திருக்கின்றன. நம் நாட்டில் 2000-ல் பாஸீ என்ற ஏலத்தளம் தோன்றியது. 2004-ல் ஈபே அதை வாங்கியது. 2018-ல் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. பழைய பொருள்களை விற்பவரும் வாங்குபவரும் இப்போது ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் போன்ற இடங்களில் சந்திக்கிறார்கள். தளத்தின் பெயர் மாறினாலும், கண்ணால் காணாத பொருளுக்குக் கண்ணால் காணாதவனிடம் பணம் கொடுக்கும் நிலை மாறவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி தம் தாயார் மூலம் நம்மிடம் கேட்டனுப்பிய கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவர் வீட்டில் துணி தைப்பவர், கணவர் வெளிநாட்டில். ஜிக்ஜாக் தையல் இயந்திரம் ஒன்று 9,000 ரூபாய்க்கு வருவதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். விற்பவன், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிப் போவதால் அவசரமாக விற்பதாகவும் சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறான். பதிவுக்கு 500, லாரி வாடகைக்கு 2,500, திரும்பத் தரப்படும் வரி என்று சொல்லி 4,500. இதற்குப் பிறகு சந்தேகம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கட்டம் கட்டமான ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும் என்றானாம். போட்டார், இன்னும் 6,000 போயிற்று. ஆக மொத்தம் 13,500 ரூபாய். இயந்திரமும் இல்லை, அந்த ஆளும் இல்லை.

அவர் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தவர்களில் சிலர், “பொம்பளைக்கு எதற்குப் போனும் வியாபாரமும்” என்றார்கள். சிலர், “கத்ரில் எழுதியது, சபுர் செய்” என்றார்கள். தம் தையல் சம்பாத்தியத்தில் ஏதோ பரக்கத் இல்லாததால்தான் இப்படி ஆயிற்றோ என்பதே அவர் நம்மிடம் கேட்டது.

முதலில் அந்தத் தந்திரத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கு நாம் இடும் கையெழுத்து. வாங்குவதற்காக அதைப் போடச் சொல்கிறவன் எவனாயினும் திருடன்தான். ராணுவ உடையும் அட்டையும் பெரும்பாலும் வேறு யாருடையதோ திருடப்பட்ட படங்கள். ராணுவத்தின் மீது மக்களுக்குள்ள மதிப்பையே அவன் முதலாக வைத்து வியாபாரம் செய்கிறான். இது தனி மனிதன் செய்வதுமன்று. 2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் சுமார் 5,000 காவலர்கள் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்த வேண்டியிருந்தது. பழைய வாகனமும் சாமானும் விற்பதாகப் பொய் விளம்பரம் போடுவதும் அங்கே பிடிபட்ட கூட்டங்களின் வேலைகளில் ஒன்று. இப்படிப் பயிற்சி எடுத்த கூட்டத்தின் முன்னால் ஒரு தையற்காரப் பெண் தோற்றுப்போனார் என்றால் அவரை அறிவில்லாதவர் என்று சொல்வது நியாயமாகாது.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஏலம் விடுவது கூடாத காரியமல்ல. வறுமை என்று வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் வரவழைத்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் கையில் எடுத்து ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இன்னும் கூடுதலாகத் தருபவர் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, பொருள் எல்லோரும் பார்க்கும்படி கையில் இருந்தது. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காகவே கேட்பதை ‘நஜ்ஷ்’ என்று சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஏலத்தளங்களில் விற்பவனே வேறு பெயரில் புகுந்து விலை கேட்பது அந்த நஜ்ஷ்தான்.

பார்க்காத பொருளை வாங்குவதில் இமாம்களுக்கிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்த வியாபாரம் செல்லும். ஆனால் பொருளைக் கண்ணால் பார்த்தபின் வேண்டாம் என்று விட்டுவிடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. இதை ‘கியாருர் ருஃயத்’ என்பார்கள். ஷாஃபியீ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, பார்க்காத குறிப்பிட்ட ஒரு பொருளை விற்பதே செல்லாது. எந்த மத்ஹபாக இருந்தாலும் வாங்குபவரின் கண்ணுக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் மதிப்பு இதிலிருந்து தெரிகிறது. தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாது என்றும் ஹதீஸ் உண்டு. அந்தப் போலி ராணுவ வீரனிடம் இயந்திரமே இருந்ததில்லை. ஆகவே அது வியாபாரமே அல்ல, வியாபார வேடத்தில் நடந்த கொள்ளை.

மடி கட்டுதல் என்பது நம் சந்தைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். இரண்டு நாள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கவைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவது. அரபு நாட்டிலும் இது இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து ஆடு வாங்கியவர் மூன்று நாளுக்குள் அதை, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்து, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. கைப்பேசியில் வரும் படமோ குவியலின் மேற்புறம் மட்டுந்தான். அதற்குள் கையை விட வழியில்லை.

இதையெல்லாம்விட அந்தச் சகோதரிக்கு நாம் எடுத்துச் சொன்னது ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களின் செய்தி. தலையில் பட்ட காயத்தால் இவர்களுக்குப் பேச்சும் நிதானமும் குறைந்திருந்தன. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்து போவார்கள். இவரை வியாபாரம் செய்யவிடாமல் தடுத்துவிடுங்கள் என்று வீட்டார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அழைத்துச் சொன்னார்கள். வியாபாரத்தை விட்டிருக்க என்னால் முடியாதே என்றார் அவர். அதற்குப் பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குத் தடை போடவில்லை. வாங்கும்போது ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லி வாங்கும்படி கற்றுக்கொடுத்து, மூன்று நாள் வரை திருப்பித் தரும் உரிமையையும் கொடுத்தார்கள்.

வீட்டார் கேட்டது, ஏமாந்தவரை வியாபாரத்திலிருந்து ஒதுக்கிவைக்கச் சொல்லி. கிடைத்ததோ, அவர் வியாபாரத்தில் நின்றுகொண்டே தம்மைக் காத்துக்கொள்வதற்கு ஒரு சொல்லும் மூன்று நாள் தவணையும். “பொம்பளைக்கு எதற்குப் போன்” என்று கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். மலையடிவாரத்து ஊரில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு தையல் இயந்திரம் வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கைப்பேசி அவருடைய கடைவீதி. அதைப் பிடுங்குவதைவிட, பொருளைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் இல்லை, மூன்று நாளில் திருப்பித் தருவேன் என்று விற்பவனிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது ஸுன்னத்துக்குப் பக்கமானது. இந்த நிபந்தனையை மூன்று நாள் வரை போடுவது ஹனஃபி, ஷாஃபியீ இரு மத்ஹபிலும் செல்லும். நேர்மையானவன் ஒத்துக்கொள்வான். மற்றவன் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான், அதுவும் நல்லதே.

அடுத்து, கத்ர் என்று சொல்லி வாயை மூடச் செய்கிறவர்களுக்கு. சபுர் என்பது மனம் குமுறி வரம்பு மீறாமல் இருப்பது. உரிமையை விட்டுக்கொடுப்பது என்று அதற்குப் பொருளில்லை. அநீதி இழைக்கப்பட்டவர் அதை வெளியில் சொல்வதற்கு அந்நிஸா அத்தியாயத்தின் 148-வது வசனம் இடம் தருகிறது. புறம் பேசுதல் ஆகாத சந்தர்ப்பங்கள் ஆறு என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் வகுத்துள்ளார்கள். அநீதிக்குள்ளானவர் அதிகாரியிடம் முறையிடுவது அவற்றில் முதலாவது. மக்களை எச்சரிப்பதும் அவற்றில் ஒன்று. ஆகவே காவல்துறையில் புகார் கொடுப்பது தவக்குலுக்கு மாற்றமல்ல. மறைத்து வைத்தால் அந்தத் திருடன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான்.

நேரம் இதில் முக்கியம். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். திருடனின் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்க இந்த ஏற்பாடு உதவும். அவன் எடுத்துவிட்டானானால் மீட்பது கடினம். அந்தப் பத்து நாள் மௌனம்தான் பதின்மூன்றாயிரத்தைவிடப் பெரிய நஷ்டம். அவர் பேசாமலிருந்ததற்குக் காரணம் திருடனைப் பற்றிய பயமல்ல, சொந்த வீட்டாரின் ஏச்சைப் பற்றிய பயம் என்பதை ஜமாஅத்தார் மனத்தில் வைக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். மாவட்டத்துச் சைபர் குற்றப் பிரிவிலும் கொடுக்கலாம். அனுப்பிய செய்திகள், படங்கள், பணம் போன விவரங்கள் எதையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இங்கே அந்த எழுத்து கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது.

நம் வீடுகளில் விற்பவர்களும் உண்டு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தூர ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். மலைத்தேனும் புளியும் கடுக்காயும் படம் பிடித்து விற்கிறவர்கள் உண்டு. மரத்தில் வெடிப்பு இருந்தால் வெடிப்பையும் படம் எடுத்துப் போட வேண்டும். வாங்குபவர் கை வைத்துப் பார்க்க முடியாத இடத்தில், அவருக்காகக் கை வைத்துப் பார்க்கும் பொறுப்பு விற்பவர் தலையில் விழுகிறது. ஏமாந்து வந்த பழுதுப் பொருளைக் குறை சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டி நஷ்டத்தை ஈடு செய்வதும் கூடாது. முதல் ஏமாற்று இரண்டாவதை ஹலாலாக்காது.

தையல் சம்பாத்தியத்தில் பரக்கத் இல்லையோ என்ற கேள்விக்கு, இல்லை என்று சொல்ல யாருக்கும் ஆதாரமில்லை என்பதே நம் பதில். குறையை மறைத்து விற்கும் வியாபாரத்தின் பரக்கத் அழிக்கப்படுவதாக ஹதீஸில் வருவது ஏமாற்றியவனைப் பற்றியது, ஏமாந்தவரைப் பற்றியதல்ல.

அவர் கடைசியாகக் கேட்ட மஸ்அலா ஜகாத்தைப் பற்றியது. பறிபோன பணத்துக்கு ஜகாத் உண்டா? திரும்பக் கிடைக்கும் வழி தெரியாத இத்தகைய பணத்தை ஹனஃபி ஃபிக்ஹில் ‘மாலு ளிமார்’ என்பார்கள். அதற்கு ஜகாத் இல்லை; பின்னாளில் கிடைத்தாலும் இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஷாஃபியீ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, பணம் கைக்கு வந்தபின், நிஸாபு நிறைந்திருந்தால் கடந்த ஆண்டுகளுக்கும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். கைக்கு வராதவரை கொடுக்கும் கடமை இல்லை. அந்தச் சகோதரி ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர். ஆகவே இவ்வாண்டுக் கணக்கிலிருந்து அந்த 13,500-ஐ நீக்கிவிட்டு, மீதமுள்ளது நிஸாபை அடைகிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினோம். அல்லாஹு அஃலம்.