ஆர்வோ பேர்ட்டின் தேவாலய இசை: ஒலிப்பதிவுகளைக் கேட்கும் முறை



எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1935இல் பைடே என்ற சிற்றூரில் பிறந்தார். டாலின் நகர இசைக் கல்லூரியில் ஹைனோ எல்லரிடம் பயின்று 1963இல் படிப்பை முடித்தார். படிக்கும் காலத்திலேயே எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராகச் சேர்ந்து, 1967 வரை அங்கே வேலை பார்த்தார். ஒலிப்பதிவுக் கூடம் அவருக்கு இளமையிலேயே பழகிய இடம்.

1968இல் இசைக்குழு நடத்துநர் நீமே யார்வி மேடையேற்றிய ‘கிரெடோ’ என்ற படைப்பில், கிறிஸ்துவில் நம்பிக்கையை அறிக்கையிடும் லத்தீன் வாசகம் இருந்தது. அப்போது எஸ்டோனியாவை ஆண்ட சோவியத் அதிகாரிகள் சினந்தனர். படைப்பு மீண்டும் மேடையேறாதபடி தடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் பேர்ட் மிகக் குறைவாகவே எழுதினார். கிரகோரியன் தேவாலயப் பாடல்களையும் பழைய ஐரோப்பியப் பல்குரல் இசையையும் ஆழ்ந்து படித்தார். ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். 1976இல் ‘டின்டினாபுலி’ என்னும் தமது முறையோடு திரும்பி வந்தார்.

இந்த முறையின் அடிப்படை இரண்டு குரல்கள். ஒன்று, மெட்டுக் குரல்: பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் படிப்படியாக ஏறி இறங்கும். மற்றொன்று, ஆதார ஸ்வரத்தின் மேல் அமையும் மூன்று ஸ்வரங்களுக்குள் மட்டுமே நடமாடும். இரண்டாம் குரலின் வேலை ஓரளவு தம்புராவின் வேலை போன்றது. ஆனால் தம்புரா மாறாமல் மீட்டப்படுகிறது, இந்தக் குரலோ மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தன் மூன்றில் ஒன்றை விதிப்படி தேர்ந்து பதில் கொடுக்கிறது. இரண்டும் சில இடங்களில் இணக்கமாகவும் சில இடங்களில் உரசியும் ஒலிக்கும். மெட்டை வகுப்பதும் பெரும்பாலும் வாசகமே. ஒரு சொல்லில் எத்தனை அசையோ அத்தனை ஸ்வரம். காற்புள்ளிக்கு ஓர் அளவு கார்வை, முற்றுப்புள்ளிக்கு அதைவிட நீண்ட கார்வை. வாக்கியம் முடிந்ததும் மௌனம்.

ஒலிப்பதிவின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மௌனமும் இசையின் பகுதியாகிவிட்டபோது, அந்த மௌனத்தில் என்ன கேட்கிறது என்பது முக்கியமாகிறது. கல்லால் கட்டிய தேவாலயத்தில் குரல் நின்ற பின்னும் ஒலி சில நொடிகள் தங்கும். அடுத்த சொல் அந்த மிச்சத்தின் மேல் வந்து அமரும். சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் கூடத்தில் இதே இசை துண்டு துண்டாகத் தெரியும். எதிரொலி மிகுந்துவிட்டாலோ மெய்யெழுத்துகள் கரைந்து வாசகமே புரியாமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடித்தவையே நல்ல பதிவுகள்.

பேர்ட் 1980இல் நாட்டைவிட்டு வெளியேறி வியன்னாவுக்கும், பிறகு பெர்லினுக்கும் சென்றார். ஈ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய மன்ஃப்ரெட் ஐஷர், கார் ஓட்டிச் செல்கையில் வானொலியில் அவருடைய இசையைக் கேட்டு அவரைத் தேடிப் பிடித்தார். 1984இல் வெளியான ‘டாபுலா ராசா’ அந்த நிறுவனத்தின் ‘நியூ சீரிஸ்’ வரிசையின் முதல் இசைத்தட்டு. அதில் வாத்திய இசை மட்டுமே உண்டு. பாடகர் குழுவுக்கான பெரும் படைப்புகள் பின்னர் வந்தன.

அவற்றில் முதலில் அறிய வேண்டியது ‘பாசியோ’. யோவான் நற்செய்தியில் உள்ள இயேசுவின் பாடுகளை லத்தீனில் சொல்லும் இது, 1982இல் எழுதி முடிக்கப்பட்டது. இயேசு தாழ்ந்த ஆண்குரலில் மெதுவாகப் பாடுகிறார். ஆளுநர் பிலாத்துவுக்கு உயர்ந்த ஆண்குரல். நற்செய்தியாளரின் வாசகத்தை நான்கு பாடகர்களும் வயலின், ஓபோ, செல்லோ, பஸூன் ஆகிய நான்கு வாத்தியங்களும் பகிர்ந்துகொள்கின்றன. கூட்டத்தின் கூச்சல் பாடகர் குழுவுக்கு. பால் ஹில்லியர் தலைமையில் ஹில்லியர்ட் என்செம்பிள் பாடி 1988இல் வந்த ஈ.சி.எம். பதிவு சுமார் 70 நிமிடம் இடைவெளியின்றி ஓடுகிறது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்த இசை, முடிவில் வரும் சிறு மன்றாட்டில் மேஜர் ஸ்வரங்களுக்கு மாறி உரத்து விரிகிறது. முழுவதையும் கேட்டவருக்கே அந்த மாற்றத்தின் எடை தெரியும்.

அடுத்தது 1993இல் வெளியான ‘தே தேயும்’. எஸ்டோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் பாடகர் குழுவை 1981இல் நிறுவிய டோனு கல்யுஸ்தே நடத்திய பதிவு இது. மூன்று பாடகர் குழுக்கள், தந்தி வாத்தியங்கள், பியானோ ஆகியவற்றோடு, காற்றில் தானே அதிரும் யாழின் ஒலியும் ஒலிநாடாவிலிருந்து வருகிறது. தொடக்கத்தில் ஒலியா காற்றா என்று பிரித்தறிய முடியாத அந்தத் தாழ்ந்த முழக்கம் சிறிய ஒலிபெருக்கியில் காணாமலே போய்விடும்.

‘கனோன் போகாயனென்’ கொலோன் பேராலயத்தின் 750ஆம் ஆண்டு விழாவுக்காக எழுதப்பட்டு, 1998இல் அங்கே அரங்கேறியது. மனந்திரும்புதலைப் பாடும் சர்ச் ஸ்லாவோனிக் வாசகம். வாத்தியம் எதுவும் இல்லை. கல்யுஸ்தேயும் அவர் குழுவும் இதை டாலினின் நிகுலிஸ்தே தேவாலயத்தில் பதிவு செய்தனர். 1944 குண்டுவீச்சில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டு, அருங்காட்சியகமாகவும் இசையரங்காகவும் இயங்கும் கட்டடம் அது. தாழ்ந்த ஆண்குரல்கள் ஒரே ஸ்வரத்தில் நிலைக்க, மேலே பெண்குரல்கள் நகரும் பகுதிகளில் அக்கட்டடத்தின் உயரமே காதில் விழுகிறது.

ஒரு படைப்பைப் பல பதிவுகளில் ஒப்பிட ஏற்றது ‘தா பாசெம் தோமினே’. சமாதானம் வேண்டும் இந்தச் சிறு மன்றாட்டை, 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்த இரண்டு நாளில் பேர்ட் எழுதத் தொடங்கினார். ஹில்லியர்ட் என்செம்பிளின் 2005 பதிவில் ஒரு குரல்வரிசைக்கு ஒரே பாடகர். ஒவ்வொருவர் மூச்சும், ஸ்வரங்கள் உரசும் இடமும் துல்லியமாகக் கேட்கும். ஹில்லியர் எஸ்டோனியக் குழுவை நடத்திய 2006 ஹார்மோனியா முண்டி பதிவில் பலர் மாறி மாறி மூச்செடுப்பதால் ஒலிக்குத் தையலே தெரியாது. ஈ.சி.எம். 2009இல் வெளியிட்ட ‘இன் பிரின்சிபியோ’ தட்டில் தந்தி வாத்தியங்களும் சேர்ந்துகொள்கின்றன. மெட்டு ஒன்றுதான், மூன்றும் மூன்று விதமாக நெஞ்சில் பதிகின்றன. 2006 பதிவு அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. கல்யுஸ்தே நடத்திய, பேர்ட்டின் ‘ஆடம்ஸ் லமென்ட்’ தட்டு 2014இல் அதே விருதைப் பெற்றது.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை சில. வாசகத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தச் சொல்லில் குரல் நீள்கிறது, எங்கே நிற்கிறது என்பது விளங்கும். மிக மெல்லிய இடத்துக்காக ஒலியைக் கூட்டினால் உரத்த இடம் காதை அடைக்கும். முதலில் உரத்த பகுதிக்கு ஒலியைச் சரிசெய்துகொண்டு பிறகு தொடங்குவது நல்லது. பேருந்து இரைச்சலில் இந்த இசையின் பாதி போய்விடும். வரிசையும் முக்கியம்: ஐந்து நிமிட அளவிலான ‘தா பாசெம் தோமினே’யில் தொடங்கி, அரைமணி நேர ‘தே தேயும்’ வழியாக ‘பாசியோ’வுக்குச் சென்று, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீளும் ‘கனோன் போகாயனென்’ படைப்பைக் கடைசியில் எடுத்துக்கொள்வது, புதிதாகக் கேட்பவருக்குப் பொருந்தும்.