உன் கையாலேயே நினைத்துப் பார்

அன்புள்ள கயல்,

இரவு படுக்கும் முன் கண்ணை மூடி, இறகுப்பந்தை ஸ்மாஷ் அடிப்பதை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கச் சொன்னாராம் உன் பயிற்சியாளர். உனக்கோ இடக்கைப் பழக்கம். உன்னோடு ஆடுகிறவர்கள் எல்லாரும் வலக்கைக்காரர்கள். "நான் எந்தக் கையால் நினைக்கணும் சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். உன் இடக்கையால்தான். காரணம் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, உன் முழுப்பெயரை இடக்கையால் எழுதுவதாக எழுத்து எழுத்தாக நினைத்துப் பார். பிறகு வலக்கையால் எழுதுவதாக நினை. பேனாவைத் தொடாமலே வலக்கைக்கு நேரம் கூடுவதைக் காண்பாய். பிரெஞ்சு ஆய்வாளர் ழான் டெசெட்டி 1989-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், வலக்கைக்காரர்கள் இரு கையாலும் எழுதினார்கள், எழுதுவதாகக் கற்பனையும் செய்தார்கள். ஒவ்வொரு கையிலும் நிஜத்துக்கும் கற்பனைக்கும் ஆன நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. பழகாத இடக்கை நிஜத்தில் தடுமாறியது போலவே மனத்திலும் தாமதித்தது.

அசைவை நினைக்கும்போது, அதைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் வேலை செய்கின்றன. வலக்கையை முக்கியமாக இயக்குவது மூளையின் இடப்பாதி. இடக்கையை இயக்குவது வலப்பாதி. 2009-இல் ரூல் வில்லெம்ஸ், டேனியல் கசசான்டோ குழுவினர், கைவேலைகளைக் கற்பனை செய்பவர்களின் மூளைச் செயல்பாட்டை எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியில் பார்த்தார்கள். வலக்கைக்காரர்களுக்கு அசைவுப் பகுதிகளின் செயல்பாடு இடப்பாதியில் ஓங்கியிருந்தது, இடக்கைக்காரர்களுக்கு வலப்பாதியில். ஒரே வேலையைத்தான் எல்லாரும் நினைத்தார்கள், ஆனால் அவரவர் உடம்பின் பழக்கப்படி நினைத்தார்கள்.

இதை வைத்து, இடக்கைக்காரர்களின் மூளை முழுவதும் தலைகீழ் என்று முடிவுகட்டிவிடாதே. அவர்களிலும் பெரும்பாலோருக்குப் பேச்சைக் கவனிப்பது இடப்பாதிதான். இடம் மாறுவது சில வேலைகளுக்கு மட்டுமே.

இனி உன் பயிற்சிக்கு வருவோம். வெளியே நின்று உன்னையே வேடிக்கை பார்க்காதே. உன் உடம்புக்குள் இருந்து நினை. இறகுப்பந்து உயர்ந்து வருகிறது. இடக்கால் பின்னே போகிறது, வலக்கை பந்தை நோக்கி உயர்கிறது, இடது முழங்கை மேலெழுகிறது, மணிக்கட்டு சொடுக்குகிறது. நிஜத்தில் ஆகும் நேரமே மனத்திலும் ஆகட்டும். ஆட்டத்தைப் பார்த்துக் கற்க, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கரோலினா மரினின் காணொளிகளைத் தேடு. அவரும் இடக்கைக்காரர்.

மனப்பயிற்சி மட்டும் போதாது. களத்தில் ஆடும் பயிற்சியோடு சேர்ந்தால்தான் பலன் தரும். "சோத்தாங்கைக்கு மாறு" என்று யாராவது சொன்னால், நான் எழுதியதை அவர்களுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல். உன் இடக்கை திருத்த வேண்டிய குறையே இல்லை. மூளை அசைவுகளைத் திட்டமிடுவதே அந்தக் கையை நம்பித்தான். நீயும் அதை நம்பி ஆடு.

அன்புடன்,
சித்தப்பா