பாடு முறையும் அஜைல் முறையும்

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் கிராமங்களில் ‘பாடு’ என்றொரு வழக்குண்டு. இறால் மிகும் முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பகுதிகளில் எவர் எந்நாள் வலையிடுவது என்பதை ஊரார் கூடி முறைவைத்துத் தீர்மானிப்பர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகியவை இவ்வுரிமையைத் தொன்றுதொட்டுப் பெற்றவை. முறையை வகுத்தவர் தாமே ஆதலின் அதனை அவர் மீறத் துணியார். புறத்தே நின்ற ஊரார் பங்கு கோரியபோதோ பூசல் விளைந்தது.

மென்பொருள் பயிலும் நம் மாணவர் இதனை உற்று நோக்குதல் நன்று. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 17 வல்லுநர் கூடி வெளியிட்ட அஜைல் கொள்கையும், கருவிகளினும் மனிதரையும் அவர்தம் உறவாடலையுமே மேலாக மதித்தது. சிறு குழு, குறுந்தவணை, நாடோறும் கலந்து பேசுதல் ஆகியவற்றைத் தலைவரின் கட்டளை மட்டும் நிலைநிறுத்தாது. எனவே புதுமுறை புகுத்துவோர், அதன்படி உழைக்கவேண்டியவர் அனைவரையும் முதற்கண் அவையில் அமர்த்துதல் வேண்டும் என்பதே நம் துணிபு.