சாட்சி என்று போட்டிருந்தாலும்

அன்புள்ள பிள்ளைக்கு,

அடுத்த மாதம் மகளிர் ஞாயிறன்று உன்னைப் பேசக் கேட்டிருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னா. கூடவே ஒரு நிபந்தனையாம். ஆராதனைத் தாளில் ‘பிரசங்கம்’ என்று போடமாட்டார்கள், ‘சாட்சி’ என்றுதான் அச்சடிப்பார்களாம். ஒத்துக்கொள்வதா, மாட்டேன் என்பதா என்று கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் இந்த வேலையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கிடந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நான் ரொறன்ரோவில் பார்க்டேலுக்கு வந்தது 1987இல். அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். ஜேம்சன் அவெனியூ அப்பார்ட்மென்ட்களில் அறைக்கு நாலு பேர் என்று நம் சனம் இருந்த காலம். இரவில் எனக்கு டவுன்டவுன் ஆபீஸ்களில் துப்புரவு வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அன்று பின்னேரம் ஏழாம் மாடியில் எங்கள் வீட்டு மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துப் பாய் விரித்தால் பன்னிரண்டு பேர் இருக்கலாம். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்து, உருகிய தண்ணீர் கொரிடோர் வரைக்கும் ஓடும். போதகர் இல்லை. உடுவிலில் படித்தவள், தமிழைப் பிழையில்லாமல் வாசிப்பாள் என்று வேதத்தை என் கையில் தந்தார்கள். வாசித்தேன், ஜெபித்தேன், வாசித்ததைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். உனக்கு யார் அனுமதி தந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு நாலாம் மாடிப் பொடியன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். ஊரில் தம்பி செத்துப்போனான் என்று செய்தி வந்திருந்தது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் அவனோடு போனோம். ஒரு மணிநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அண்ணன் எழும்பிப் போய் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் ஒரு பதவியிலும் இருந்தவரில்லை. நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் வியர்த்துப்போவார். அந்த ரீயைக் கையில் வாங்கிய பிறகுதான் பொடியன் அழுதான். ஊழியம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் அந்தக் கோப்பைதான் ஞாபகம் வரும்.

பிறகு ஆட்கள் கூடினார்கள். ஓர் ஆங்கிலச் சபையின் கோயிலை ஞாயிறு பின்னேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். போதகர் வந்தார், மைக் வந்தது, கமிட்டி வந்தது. நான் சமையலறைக்குப் போனேன். ரோல்ஸும் கட்லெட்டும் என் பொறுப்பு. மெத்தைக்குப் பக்கத்திலிருந்து ஜெபித்தபோது ஒரு குறையும் இல்லாத வாய்க்கு மைக் வந்ததும் பூட்டு. ஏன் என்று கேட்டேன். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம், இரண்டாம் அதிகாரத்தை மூப்பர் ஒருவர் திறந்து, உபதேசம்பண்ணப் பெண்ணுக்கு உத்தரவில்லை என்ற வசனத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

உனக்கும் அந்த வசனத்தைக் காட்டுவார்கள். சண்டை போடாதே. அந்த நிருபத்தைப் போலவே பவுலின் பெயரில் இருக்கிற ரோமர் பதினாறாம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வை. அங்கே கெங்கிரேயா சபையின் பெபேயாளை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஊழியக்காரி’ என்கிறது. பிலிப்பியர் முதல் வசனத்தில் கண்காணிகளோடு சேர்த்து வாழ்த்துப் பெறுகிற சபைப் பொறுப்பாளருக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான். இதில் தமிழன் செய்த வேடிக்கையைப் பார். ‘ஊழியக்காரர் வந்திருக்கிறார்’ என்றால் எழும்பி நின்று கதிரை கொடுப்போம். ‘ஊழியக்காரி’ என்றால் கோப்பை கழுவ வந்தவள் என்று நினைப்போம். அடுத்த வரிகளில் பிரிஸ்கில்லாள், அவளுடைய பெயர் புருஷன் பெயருக்கு முன்னால். அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கியை அந்தப் பெண்ணும் புருஷனுமாகச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லித் திருத்தியதை அப்போஸ்தலர் பதினெட்டில் வாசி. இதெல்லாம் மேல்நாட்டுப் பெண்ணியம் என்று யாராவது சொன்னால், பாளையங்கோட்டைக்குப் போய் பாப்பாத்தி அம்மாள் கோயில் எங்கே என்று கேட்கச் சொல்லு.

அந்த அம்மாள் மராத்திப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்ததால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்து, கிளாரிந்தா என்று பெயர் வைத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் அவளுடையது. 1785இல் கோயில் கட்டினாள். இன்று லட்சக்கணக்கில் பெருகியிருக்கிற திருநெல்வேலித் திருச்சபை அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அ. மாதவையா 1915இல் அவளை வைத்து ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். கோயில் கட்ட ஒரு பெண் போதும், அதன் பீடத்தில் ஏறத்தான் போதாது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதில் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். கிளாரிந்தாவின் பதிவேட்டிலிருந்து எண்ணினால் 233 வருஷம்.

எனக்கு இதைவிட உறைக்கிற கதை இந்த நகரத்திலேயே இருந்தது. ஹாங்காங்கில் பிறந்த லீ டிம்-ஓய் என்ற பெண். போர்க்காலத்தில் மக்காவில் சபையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானியப் படைகளைத் தாண்டி ஒரு குருவும் அங்கே போக முடியவில்லை. பேராயர் ஹால் 1944 ஜனவரி 25ஆம் தேதி அவரைக் குருவாக்கினார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் குரு அவர்தான். போர் முடிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று 1946இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஊழியத்தை விடவில்லை. பிறகு சீனாவில் கோயில்கள் மூடப்பட்ட வருஷங்கள், பண்ணை வேலை, ஆலை வேலை. 1980களில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவில் மறுபடி குருவாகப் பணி செய்து, 1992இல் இங்கேயே கண்மூடினார். அந்த வருஷங்களில் நான் இதே நகரத்தில் கட்லெட் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டோக்கன் காசில் ஸ்ட்ரீட்கார் ஏறிப் போய் அவரைப் பார்த்திருக்கலாம். அப்படி ஒருவர் இருக்கிறார் என்றே எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இதற்காகக் குருத்துவம்தான் உன் இலக்கு என்று நினைத்துவிடாதே. அழைப்பு இருந்தால் படி, போ. ஆனால் சபையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்த அங்கியைப் போடப் போவதில்லை, வேலை அவர்கள் கையால்தான் நடக்கிறது. எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்று லூதர் 1520இல் எழுதியதை நம் ஆட்கள் சீர்திருத்த ஞாயிறில் மட்டும் நினைப்பார்கள். மற்ற நாளெல்லாம் ‘பாஸ்டர் வந்து ஜெபிக்கட்டும்’ என்று நோயாளியைக் காக்க வைப்பார்கள். பெண்ணின் வாயை அடைக்கிற சபையில் சாதாரண ஆணும் பார்வையாளன்தான், அதை அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீயும் அந்த வேலையைச் செய்வாய் என்பதால் சொல்கிறேன். வீடு சந்திக்கப் போகும்போது ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபி, சுருக்கமாக. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் ‘இவர்களுக்காக ஜெபியுங்கோ’ என்று அவிழ்க்காதே. நம் சபைகளில் வம்பு ஜெபக் குறிப்பு வேஷத்தில்தான் உலாவும்.

இன்னொன்று. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. 90களில் ஒரு பெண் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்கு வருவாள், ஜூலை வெக்கையிலும். ஒரு நாள் என் சமையலறையில் கையைச் சுருட்டிக் காட்டினாள். ‘பொறுத்துக்கொள் பிள்ளை, ஜெபிப்போம்’ என்றேன். அவள் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவேயில்லை. அப்படி ஒருத்தி உன்னிடம் வந்தால் வேதத்தைத் திறக்க முந்தி, இன்று இரவு எங்கே படுப்பாய் என்று கேள். பெண்கள் காப்பகத்துக்கு அவளோடு சேர்ந்து போன் எடு. எந்தப் பீடத்தையும்விட அந்தச் சமையலறையில்தான் நான் பெரிதாகத் தவறினேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தாளில் சாட்சி என்றே போடட்டும். நீ பிரசங்கம் பண்ணு. உன் கதையைச் சொல்லி அழ வைக்க வேண்டாம், வேதபாகத்தை எடுத்து விளக்கு. அதை வீட்டில் பத்துத் தரம் சத்தமாக வாசி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய மொழிபெயர்ப்பில் பாதி புரியாது, அந்தப் பாதியை உன் வாயால் தமிழாக்கு. பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாதே. ‘இந்த வாய்ப்பைத் தந்த போதகருக்கும் கமிட்டிக்கும்’ என்று மூன்று நிமிஷம் நன்றி சொல்லி அதில் கால்வாசியைத் தின்றுவிடாதே. அடுத்த நாள், மகளிர் ஞாயிறு அல்லாத ஒரு ஞாயிறு தரும்படி கமிட்டிக்கு எழுத்தில் கேள், ஒரு பிரதியை வைத்துக்கொள். இல்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லட்டும்.

அதற்கு முன்னால் ஒரு தரம் என்னோடு ஜேம்சனுக்கு வா. ஐந்தாம் மாடியில் ஒரு அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. சங்கீதம் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். உன் குரலை அங்கே பழக்கிக்கொள்ளலாம், பிழை விட்டால் அவ உடனே திருத்துவா. வெள்ளிக்கிழமை ஏழு மணி. பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவா. லிஃப்ட் போன கிழமையிலிருந்து வேலை செய்யவில்லை, படியால் ஏற வேண்டும்.

அன்புடன்,
அன்ரி
பார்க்டேல், ரொறன்ரோ