வடுப்படாமல் தட்டும் கொட்டாப்புளி

கிராமச் சங்கம் ஒன்றின் பொது இறைவை யந்திரம், நெற்பயிர் பால்பிடிக்கும் தருணத்தில் ஐந்து நாட்கள் ஓடாமல் நின்றது. யந்திரத்தில் பெரிய பழுது ஒன்றுமில்லை. வார் வழுக்கியபடியால் புல்லியைக் கழற்றி வேறொன்று மாட்டவேண்டியிருந்தது. கழற்ற வந்தவர், கையில் அகப்பட்ட இரும்புச் சம்மட்டியால் ஷாப்டின் நுனியில் ஓங்கி நாலைந்து அடி கொடுத்தார். புல்லி அசையவில்லை, ஷாப்டின் நுனி காளான்போல் விரிந்துவிட்டது. விரிந்த நுனியைத் தாண்டிப் புல்லி எவ்வாறு வெளிவரும்? நுனியை அரத்தால் ராவிப் பழைய பருமனுக்குக் கொண்டுவருவதிலும், அடியின் அதிர்ச்சியால் கெட்ட பேரிங்குக்கு நகரத்துக்கு ஆள் அனுப்புவதிலும் ஐந்து நாட்கள் கழிந்தன. புல்லியை ஷாப்டோடு இறுக்கிப் பிடித்திருந்த மரையாணி ஒன்று கிரீஸ் அழுக்கினுள் மறைந்திருந்ததும், அதை எவரும் தளர்த்தவில்லை என்பதும் பின்னரே தெரியவந்தது.

இத்தகைய நஷ்டம் தனி மனிதனுக்கு நேர்ந்தால் அவனோடு நிற்கும். சங்கத்தின் சாமானில் நேர்ந்தாலோ, அதை நம்பியிருக்கும் அங்கத்தினர் யாவருடைய வயலிலும் காணப்படும். ஆகையால் சங்கத்தின் கருவிப் பெட்டியில் இரும்புச் சுத்தியோடு, வேலைப்பொருளில் வடு விழாமல் தட்டத்தக்க சுத்தி ஒன்றும் இருத்தல் அவசியம்.

இவ்விஷயத்தில் நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றே. இரண்டு பொருள்கள் மோதும்போது மெத்தென்றிருப்பதே நசுங்கும். எனவே சுத்தியின் முகம் வேலைப்பொருளைவிட மெத்தென்றிருத்தல் வேண்டும். இரும்புச் சுத்தியின் முகம் பதமேற்றப்பட்டது. சாதாரண ஷாப்ட் இரும்பு அதற்கு இளகியது. பித்தளையும் செம்பும் அதனினும் இளகியவை. முகம் தேய்ந்த கொட்டாப்புளியைப் பார்த்து வருந்துவோர் உளர். அந்தத் தேய்வு வேலைப்பொருளில் விழாமல் சுத்தியில் விழுந்தது இலாபமே என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

நம் தச்சர்கள் இவ்விதியை நெடுங்காலமாக அறிவர். உளிப்பிடியை இரும்புச் சுத்தியால் அடித்தால் பிடி பிளந்துபோகும் என்பதனாலேயே அவர்கள் கொட்டாப்புளியை எடுக்கின்றனர். புளி, கருவேலம் ஆகியவற்றின் வயிரம் பாய்ந்த கட்டை இதற்கு ஏற்றது. பச்சை மரத்தில் செய்தது உலரும்போது வெடிக்குமாதலால், நிழலில் நன்கு உலர்ந்த கட்டையையே கேட்டு வாங்கவேண்டும். மரத்தின் நார் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்த்தல் முக்கியம். நாரின் வெட்டுமுனை அடி வாங்கினால் தாங்கும். நாரின் பக்கம் அடி வாங்கினால் சிம்பு சிம்பாகப் பெயரும். பிடி நுழையும் துளை மேலே அகன்றும் கீழே குறுகியும், பிடியும் அதற்கிசைய மேலே பருத்தும் இருந்தால், வீசும்தோறும் தலை தானே இறுகும். கழன்று எதிரே நிற்பவர்மேல் பாயாது. உளி வேலைக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை எடையுள்ளது போதும்.

யந்திர வேலைக்கு மரம் மட்டும் போதாது. ரப்பர்த் தலைச் சுத்தி கடையில் எளிதில் கிடைக்கும். தளக்கல் பதிக்க மிக நல்லது. ஆயினும் கறுப்பு ரப்பர் வெளிர்நிறக் கல்லில் கறை இடும்; எண்ணெயும் டீசலும் பட்டால் உப்பிக் கெடும்; அடித்தால் கையை நோக்கி எகிறும். எண்ணெய்ப் பிசுக்குள்ள யந்திரத்துக்கு நைலான் முகம் தக்கது. தேய்ந்த முகத்தைத் திருகி எடுத்து வேறு முகம் மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கினால், தலை முழுவதையும் மறுபடி வாங்கும் செலவு மிஞ்சும். தலையின் உட்கூட்டில் சிறு உருண்டைகள் இட்ட சுத்தியும் உண்டு; உள்ளே உருண்டைகள் பின்தங்கி வந்து மோதுவதால் அது எகிறுவதில்லை. விலை சற்று அதிகமாயினும், இடுக்கில் நின்று தட்டுவோருக்கு அது மிகவும் உபயோகமாகும்.

செம்பும் ஈயமும் கனமான வேலைக்கு ஏற்றவை. ஆனால் செம்புத் தலையின் ஓரம் நாளடைவில் பிதுங்கும்; அதை ராவி நீக்காவிட்டால் துணுக்குத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். ஈயம் நசுங்கினாலும் உருக்கி வார்க்கலாம் என்று சொல்வோர் உளர். ஈயத்தின் புகையும் தூளும் விஷம். வீட்டு அடுப்பிலோ, சமையல் பாத்திரத்திலோ, குழந்தைகள் இருக்குமிடத்திலோ அதை உருக்குதல் ஆகாது. கையாண்டவர் கை கழுவாமல் உண்ணவும் ஆகாது. தேவை இல்லாதவரையில் ஈயச் சுத்தியை வாங்காமலிருப்பதே மேல். பேரிங் பொருத்துமிடத்தில் செம்பு, ஈயம் இரண்டையும் விலக்கவேண்டும். உதிரும் துணுக்கு உள்ளே புகுந்தால் பேரிங் விரைவில் அழியும். பேரிங்கை ஷாப்டில் ஏற்றுகையில் அதன் உள்வளையத்தில் மாத்திரம் படும்படி ஒரு குழாய்த்துண்டை வைத்து, அக்குழாயின்மீதே தட்டவேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுவதும் உள்ளிருக்கும் உருளைகளின்மேல் விழும்.

தட்டுவதற்கு முன்னர் முகத்தைத் துடைப்பது சிறு காரியமாகத் தோன்றினும் பலர் மறப்பது அதுவே. மெத்தென்ற முகத்தில் மணலும் இரும்புத்தூளும் எளிதில் பதியும். அவ்வாறு பதிந்த சுத்தி உப்புத்தாளைப் போலாகி, வடுவைத் தவிர்க்க வாங்கிய கருவியே கீறலை உண்டாக்கும். முகம் முழுவதும் சமமாகப் படும்படி, சிறு அடியாக, ஒருபுறம் தட்டியபின் எதிர்ப்புறம் என மாறி மாறித் தட்டுதல் வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் பொருள் சாய்ந்து முன்னிலும் இறுகிவிடும்.

பத்துப் பன்னிரண்டு அடியில் அசையாவிடில் பலத்தைக் கூட்டாமல், நிறுத்திப் பார்ப்பதே முறை. மரையாணி தளர்ந்ததா, ஆப்பு எடுக்கப்பட்டதா, துரு பிடித்திருக்கிறதா என்று ஆராய்ந்து, துருவாயின் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடவேண்டும். வார்ப்பிரும்புப் புல்லியின் விளிம்பை எந்தச் சுத்தியாலும் பலமாக அடித்தல் கூடாது. வடு விழாவிட்டாலும் வெடிப்பு விழும். அதற்கென உள்ள இழுவைக் கருவியைக் கொண்டே அதைக் கழற்றவேண்டும்.

சங்கத்தில் இச்சுத்தியை வாங்கிய சில மாதங்களில் அதன் முகம் சிதைந்துபோனதாகக் குறை சொல்வதுண்டு. விசாரித்தால், ஆணி அடிக்கவும் மாட்டு முளை இறக்கவும் அது இரவல் போயிருக்கும். இருப்புப் புத்தகத்தில் கொண்டுபோனவர் பெயரைப் பதிந்து, திரும்பும்போது முகத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்புவிக்கலாம். முளை அடிப்பதற்கென்று பழைய கருவேலங்கட்டை ஒன்றையும் சங்க வாசலில் போட்டுவைத்தால் இரவல் கேட்போர் பெரும்பாலும் அதையே எடுத்துச் செல்வர்.