அரை டிக்கெட் என்னும் சொல்லின் விலை

ரயிலில் 5 வயது நிரம்பி 12 வயது நிரம்பாத குழந்தைக்கு எடுக்கப்படும் சலுகைச் சீட்டைத் தமிழ்நாட்டு மக்கள் நெடுங்காலமாக ‘அரை டிக்கெட்’ என்றே வழங்கிவருகின்றனர். ஆனால் அச்சொல்லின் பொருள் 2016 ஏப்ரல் 21ஆம் நாளோடு மாறிவிட்டது. அதற்கு முன்பு பாதிக் கட்டணம் செலுத்திய குழந்தைக்கும் முழுப் படுக்கை ஒன்று ஒதுக்கப்பட்டது. அதன் பின்னரோ, முன்பதிவுப் படுக்கைப் பெட்டிகளில் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் பெரியவருக்குரிய கட்டணம் முழுவதையும் செலுத்த வேண்டும். பாதிக் கட்டணத்துக்கு வண்டியில் ஏறும் உரிமை கிடைக்குமே தவிரப் படுக்கை கிடைக்காது. சொல் பழையதாகவே நிற்க, பொருள் மட்டும் காலியாகிவிட்டதால், அந்தச் சொல்லை நம்பியவர்கள் ஏமாறுகின்றனர்.

இக்கட்டுரையாளரின் குடும்பமும் அவ்வாறு ஏமாந்த குடும்பங்களுள் ஒன்று. சென்னையில் வேலையும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரும் உடைய எல்லாரையும் போலவே இவர்களும் பொங்கலுக்கு எழும்பூரில் இரவு வண்டி ஏறுபவர்கள். மூத்த குழந்தைக்கு அப்போது 5 வயது 4 மாதம், இளையதற்கு இரண்டரை வயது. சீட்டு எடுக்கும் பொறுப்பு, ரயில் விவகாரங்களில் தம்மை விஞ்ச ஆளில்லை என்று கருதும் மைத்துனரிடம் விடப்பட்டிருந்தது. “சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அத்தான் முழு டிக்கெட்? நாங்கள்லாம் அரை டிக்கெட்டுல படுத்துக்கிட்டுத்தானே வந்தோம்” என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அவர் படுத்துக்கொண்டு வந்தது பழைய விதியின் காலம் என்பது மட்டுமே விடுபட்டுப்போயிற்று. சீட்டில் குழந்தையின் பெயருக்கு எதிரே படுக்கை எண்ணுக்குப் பதிலாக ‘என்.ஓ.எஸ்.பி.’ என்று அச்சாகியிருந்ததையும், இருக்கையோ படுக்கையோ இல்லை என்பதன் சுருக்கமே அது என்பதையும் வண்டியில் ஏறிய பிறகுதான் கட்டுரையாளர் கவனித்தார் என்பதால், பழி முழுவதையும் மைத்துனர் தலையில் கட்டுவதும் முறையன்று. இத்தனைக்கும் மிச்சமான தொகை 200 ரூபாய்கூட வராது.

கிடைத்த இரண்டு படுக்கைகளுள் ஒன்று மேல் படுக்கை, மற்றொன்று நடுப் படுக்கை. நடுப் படுக்கை என்பது பகலில் முதுகுச் சாய்வாகத் தொங்கி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உயர்த்திச் சங்கிலியில் மாட்டப்படும் பலகை. அதன் விளிம்பில் அச்சங்கிலிகளைத் தவிரக் குழந்தை உருளாமல் காக்கும் தடுப்பு வேறில்லை. அதில் தாய் வெளிப்புறமும் மூத்த குழந்தை உட்புறமுமாகப் படுத்தனர். தாயின் உடலே தடுப்பு என்னும் இந்த ஏற்பாடு, தாய் எழ நேராத வரையில் மட்டுமே செல்லும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. திருச்சி தாண்டி, திண்டுக்கல் வருவதற்கு முன், இளைய குழந்தை அழுததால் தாய் இறங்கினார். அவர் விட்ட இடத்துக்கு உறக்கத்திலேயே நகர்ந்துவந்த மூத்த குழந்தை கீழே கிடந்த பெட்டியின் மூலையில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டது. காலையில் திருநெல்வேலியில் இரண்டு தையல் போடப்பட்டது; ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பொங்கல் வாயில் படாமல் பாலும் இளநீருமாகவே அந்தப் பண்டிகை அக்குழந்தைக்குக் கழிந்தது.

அந்தப் பகுதியின் கீழ்ப் படுக்கையில் இருந்த இளைஞரிடம், வண்டி புறப்பட்டவுடனேயே இடம் மாற்றிக்கொள்ள இயலுமா என்று கேட்கப்பட்டது. காதிலிருந்த கருவியைக் கழற்றாமலேயே அவர் மறுத்தார். சட்டம் அவர் பக்கமே இருந்தது. குழந்தை விழுந்த பிறகு அவரே எழுந்து படுக்கையை விட்டுத் தந்தார். அப்போது மணி ஏறத்தாழ மூன்று.

கீழ்ப் படுக்கையை அடுத்தவர் இரக்கத்துக்கு விட்டுவிடாமல் முன்பதிவின்போதே உறுதிசெய்துகொள்ள வழி உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில், குறைந்தது ஒரு கீழ்ப் படுக்கையாவது ஒதுக்கப்பட்டால் மட்டுமே சீட்டுப் பதிவாக வேண்டும் என்று குறிப்பிடும் தெரிவு ஒன்று இருக்கிறது. சீட்டே கிடைக்காமல் போகுமோ என்ற அச்சத்தில் பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை, மைத்துனரும் தொடவில்லை. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருப்பதால், பொங்கல் பயணத்துக்கு நவம்பர் நடுவில் காலை 8 மணிக்குக் கணினி முன் அமர்ந்தால்தான் இந்தத் தெரிவுக்குப் பயனுண்டு. குழந்தைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தடுப்புள்ள சிறு படுக்கை, 2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில் சோதனையாகப் பொருத்தப்பட்டதுண்டு. எழும்பூரில் ஏறுபவர்கள் அதை நம்பியிருப்பதற்கில்லை.

இளைய குழந்தையைப் பொறுத்தவரை, எதிரெதிர் மேல் படுக்கைகளின் சங்கிலிகளுக்கு இடையே பழைய பருத்திச் சேலையால் கட்டப்பட்ட தூளியே போதுமானதாக இருந்தது. தூளி என்பது ஆடும் வண்டியின் அசைவையே தாலாட்டாக மாற்றிக்கொள்ளும் எளிய துணித்தொட்டில். அது வழியை மறிக்கிறது என்று பக்கவாட்டுப் படுக்கைக்காரர் ஒருவர் இருமுறை முணுமுணுத்தார். பக்கவாட்டில் படுத்திருப்பவர் நடக்கும் வழி இடைகழியே அன்றித் தூளி தொங்கிய இடம் அன்று என்பதால், அந்த முணுமுணுப்பைப் பொருட்படுத்தாதது சரியே என்பதில் கட்டுரையாளருக்கு இன்றும் ஐயமில்லை. குழந்தையைக் கிடத்துவதற்கு முன் பெரியவர் ஒருவர் முடிச்சில் தம் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயராமல் கட்டுவதும் போதும்.

ஏனையவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிளாஸ்கில் வெந்நீர், மாற்றுடை இரண்டு, காய்ச்சல் மருந்து, ஒரு லிட்டர் நீரில் ஒரு பாக்கெட் முழுவதையும் கரைக்க வேண்டிய உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி ஆகியவற்றைப் படுக்கைக்கடியில் சங்கிலியிட்டுப் பூட்டிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைக்க வேண்டும். அடிபட்டாலோ காய்ச்சல் கண்டாலோ 139 என்ற எண்ணை அழைக்கலாம். ரயிலிலிருந்து இறங்கி ஊருக்குப் பேருந்தில் செல்லும்போது குழந்தைக்குக் கைபேசியைக் கொடுக்காமல் முன்பக்கம் அமர்த்தி வெளியே பார்க்கவைத்தால் வாந்தி குறையும். 2 வயது முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கே பயண வாந்தி மிகுதி.

அதற்கடுத்த பொங்கலுக்கு மூன்று முழுச் சீட்டுகள் எடுக்கப்பட்டன, கீழ்ப் படுக்கை ஒன்றுக்கான தெரிவும் குறிக்கப்பட்டது. வீணாக ஒரு முழு டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்று மைத்துனர் ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.