நெல்லுக்குக் காவலாக ஒரு பச்சைப் பூஞ்சாணம்: ஜவ்வாது மலை விவசாயிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலையில் சாமைக்குத்தான் முதல் மரியாதை. ஆனாலும் ஓடைத் தண்ணீர் எட்டுகிற பள்ள நிலங்களில் நெல்லும் உண்டு. அந்தத் துண்டு வயலை நோயிலிருந்து காக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணத்தைத் துணைக்கு அழைப்போம்.

எந்த நோய்க்கு?

தூர் கட்டும் பருவத்தில் அடித்தாளை விலக்கிப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தை ஒட்டிச் சாம்பல் நிற நீள்வட்டப் புள்ளிகள், ஓரத்தில் பழுப்பு. அதுதான் இலையுறை கருகல். இதை உண்டாக்கும் ரைசோக்டோனியா என்ற பூஞ்சாணம், கடுகு போன்ற உருண்டைகளாக மண்ணில் தங்கி, அடுத்த போகத்தில் தண்ணீரில் மிதந்து வந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். டிரைக்கோடெர்மா அதன் இழைகளைச் சுற்றிப் பின்னி, நொதி சுரந்து கரைத்துத் தின்றுவிடும். இப்படி இழையைச் சுற்றித் தாக்குவதை வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932-லேயே எழுதி வைத்துவிட்டார்.

மலைப் பனியில் தலைகாட்டும் குலைநோய்க்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே தாங்கும் ரகமும் அளவான யூரியாவும்தான் முதலில். பாக்டீரியா இலைக்கருகலுக்கு இது மருந்தே அல்ல.

எங்கே, எவ்வளவு?

டிரைக்கோடெர்மா பவுடரை ஜமுனாமரத்தூர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் கேட்போம். கிலோ சாதாரணமாக 150 முதல் 300 ரூபாய்க்குள் இருக்கும். ஏக்கருக்கு 2 கிலோ போதும். பக்கத்திலேயே சூடோமோனாஸ் பாக்கெட்டும் இருக்கும். அது பாக்டீரியா, பெயரைப் படித்தே வாங்குவோம். காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் காசு கொடுப்பது உயிருக்கு. செத்த பவுடருக்கு அல்ல.

முதல் படி: விதை

நடவுக்கு ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதை. இரவு ஊற வைத்து, காலையில் தண்ணீரை வடித்து, கிலோவுக்கு 10 கிராம் பவுடர் தூவிக் கலக்குவோம். ஒட்டாவிட்டால் ஆறிய கஞ்சி கொஞ்சம் தெளிக்கலாம். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, சாக்கில் முளைகட்டி, நாற்றங்காலில் விதைத்துவிடலாம்.

இரண்டாம் படி: எரு

விதைத்த அதே வாரம் இந்த வேலையைத் தொடங்கினால் நடவுக்குள் எரு தயாராகிவிடும். நன்றாக மக்கிய தொழு எரு 100 கிலோவில் 1 கிலோ பவுடரைக் கலந்து, நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடுவோம். பிடித்தால் கையில் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் பழுத்துவிடும். முதலில் வெள்ளைப் பஞ்சு, பிறகு பச்சைப் படலம். சாக்கை விலக்கும்போது சில சமயம் தேங்காய் வாசனை அடிக்கும்; இந்தப் பூஞ்சாணம் சுரக்கும் ஒரு பொருளின் மணம் அது. பச்சைச் சாணத்தில் மட்டும் போடாதீர்கள், அந்தச் சூட்டில் வெந்துபோகும். நானும் ஒருமுறை அவசரப்பட்டு அப்படிப் போட்டுவிட்டு, பச்சை வருமா என்று தினமும் சாக்கைத் தூக்கிப் பார்த்ததுதான் மிச்சம்.

மூன்றாம் படி: நடவு

50 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ பவுடரைக் கரைத்து, நாற்று முடிகளின் வேரை அரை மணி நேரம் நனைத்து நடுவோம். அதற்கு முன்பே, பெருக்கிய எருவைக் கடைசி உழவில் மாலை வேளையாகப் பார்த்துச் சீராக இறைப்போம்.

டிரைக்கோடெர்மாவுக்குக் காற்று வேண்டும். எந்நேரமும் தண்ணீர் தேங்கும் சேற்றில் திணறும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வேரோடு நன்றாகப் பிழைத்துக்கொள்ளும்.

கவனம்

கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையா என்று வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்வோம். அந்த மருந்து நம் பூஞ்சாணத்தையும் கொன்றுவிடும். நோய் ஏறிய பிறகு இதைப் போட்டுப் பலனை எதிர்பார்ப்பதும் வீண்.

இன்னொன்று, பலர் சொல்ல மறப்பது. வீட்டில் சிப்பிக்காளான் வளர்க்கிறீர்களா? எருக்குவியலை அந்தக் கொட்டகைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். காளானும் பூஞ்சாணம்தானே, டிரைக்கோடெர்மாவுக்கு அதுவும் இரைதான். குவியலைப் புரட்டிய கையோடு காளான் பையைத் தொட்டால், நாலு நாளில் வெள்ளைப் பை பச்சையாகி நிற்கும்.